பத்து வாட்டே வீட்டுக்கு அதிகம்

கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து, எல்லாமே கிட்டார் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) பற்றி. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுத்தோம். ஆம்ப் கேட்டால், "40 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கராவே எடுத்துருங்க, பின்னாடி மாத்த வேண்டியதில்ல" என்கிறார் கடைக்காரர். எங்களுக்கு இரண்டே அறை; பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். எத்தனை வாட் போதும்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: 40 வாட் பெட்டி மேடைக்கு ஆகும். உங்கள் வீட்டில் அதன் வால்யூம் திருகு 1-ஐத் தாண்டாமலே காலம் தள்ளும். அந்த இடத்தில் திருகு மிக முரட்டுத்தனமாக இருக்கும். மயிரிழை திருப்பினால் ஊருக்கே கேட்கும், மறுபக்கம் தொட்டால் ஒன்றுமே கேட்காது.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க வாட் பத்து மடங்காக வேண்டும். அந்தக் கணக்கில் 10 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் நடுவே காதுக்குத் தெரிவது ஒன்றரை மடங்குதான். இன்னொரு பக்கம், ஒரே ஒரு வாட்டை லேசாக நினைக்க வேண்டாம். சின்ன கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் போனாலே ஒரு மீட்டர் தள்ளி 90 டெசிபல் வாக்கில் வரும். அது மிக்ஸி ஓடும் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் அதுவே சண்டைக்குப் போதும்.

ஆகவே வாட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கரைப் பாருங்கள். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 3, 4 இஞ்ச் ஸ்பீக்கரால் அந்த அடிநாதத்தைத் தர முடியாது. அதன் மேல் நாதங்கள் மட்டும் வந்து டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் இருக்கும். 6, 6½ இஞ்ச் பரவாயில்லை. எங்களைக் கேட்டால் வீட்டுக்கு 8 இஞ்ச். அந்த அளவில் வருகிற பெட்டிகள் 15, 20 வாட் என்று போட்டிருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அந்த வாட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஆரஞ்ச் கிரஷ் 20, மார்ஷல் எம்ஜி15, ஃபெண்டர் சாம்பியன் 20 ஆகியவை இந்த வகை. ஒரு படி கீழே ஃபெண்டர் ஃபிரன்ட்மேன் 10ஜி, வாக்ஸ் பாத்ஃபைண்டர் 10. பின்னாளில் மேடை ஏறுவாள் என்று உறுதியாக நினைத்தால் மட்டும் பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 மாதிரி பார்க்கலாம். 12 இஞ்ச் ஸ்பீக்கர் என்றாலும் சக்தியை அரை வாட் வரை இறக்கும் சுவிட்ச் அதில் உண்டு.

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய வகை) வேண்டாம். 5 வாட் வால்வுப் பெட்டியின் சத்தத்தையே இந்த வீடு தாங்காது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறந்து பார்க்கக் கூடாது. வால்வு போய்விட்டால் மாற்றித் தர ஆளும் அருகில் கிடைக்க வேண்டும்.

பெட்டியில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, கெயினும் (கிட்டாரிலிருந்து உள்ளே வரும் சிக்னலைக் கூட்டுவது) வால்யூமும் தனித்தனித் திருகாக இருக்க வேண்டும். கெயினை ஏற்றி வால்யூமை இறக்கினால்தான் குறைந்த சத்தத்திலும் ராக் கிட்டாரின் கரகரப்பு கிடைக்கும். இரண்டு, ஹெட்போன் துளை. அதில் செருகியதும் ஸ்பீக்கர் ஊமையாகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். மூன்று, போனிலிருந்து பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்க ஆக்ஸ் துளை.

கடையில் கேட்கும்போது வால்யூமைப் பேச்சுச் சத்தத்துக்கு இறக்கச் சொல்லி, அங்கே நாதம் எப்படி இருக்கிறதென்று கேளுங்கள். சத்தமாக வைத்தால் எந்தப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். குறைந்த சத்தத்தில் நம் காது கனநாதத்தைச் சரியாக வாங்காது. அதனால் வீட்டில் பாஸ் திருகைக் கொஞ்சம் கூட்டி வைப்பது தவறில்லை.

வீட்டுக்கு வந்ததும் தரையில் வைக்காதீர்கள். கீச்சுநாதம் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் போகும். நின்று வாசிப்பவரின் முழங்காலுக்குக் கேட்பது காதுக்குக் கேட்காது. சத்தம் மங்கலாக இருக்கிறதென்று டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவார்கள், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது கிழியும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்து, முன்பக்கம் ஒரு கட்டையைக் கொடுத்து முகத்தைப் பார்க்கச் சாய்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அறை மூலையிலோ பொதுச் சுவரை ஒட்டியோ வேண்டாம். மூலை கனநாதத்தை வீங்க வைக்கும், சுவர் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கடத்தும். அரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஆம்ப் போட்டுக் கம்பியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. கூடவே "கொர்ர்" என்று ஓயாத இரைச்சல். பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று சவுண்டு சர்வீஸில் வேலை பார்க்கும் ஒருவர் சொல்கிறார். வெட்டலாமா?
– வாசகர், மூக்கையூர்

பதில்: வெட்டாதீர்கள். ஏற்கெனவே யாராவது வெட்டியிருந்தால் இன்றே புதிய வயர் மாற்றுங்கள்.

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் பிரிட்ஜ் (கம்பிகள் உட்காரும் உலோகத் தகடு) வழியாக ஒரு சின்ன வயரில் கேபிளின் வெளிப்பின்னலோடு சேர்ந்திருக்கும். அது ஆம்பின் இரும்புச் சட்டத்துக்குப் போய், அங்கிருந்து அந்தப் பெரிய பின் வழியாக எர்த்துக்கு இறங்கும். உங்கள் விரலும் வீட்டு எர்த்தும் ஒரே கம்பியில் இருப்பதுபோலத்தான். எர்த் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் இரைச்சல் வடிகட்டிகளிலிருந்து மிகச் சிறிய கரண்ட் கம்பிக்கு வந்து நிற்கும். நீங்கள் சொல்லும் சுருக்கு பெரும்பாலும் அதுதான். அதோடு நின்றால் சரி. என்றாவது உள்ளே ஃபேஸ் வயர் சட்டத்தில் பட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் முழுவதும் கம்பியில் ஏறும். சிமென்டுத் தரையில் ஈரக் காலோடு நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

செய்ய வேண்டியது: எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பல்பு எப்படி எரிகிறதோ, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் இந்த வேலைக்கு ஆகாது. கடற்கரை மண்ணில் எர்த் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு: வெயில் காலத்தில் மேல்மணல் காய்ந்து கரண்டைக் கடத்தாது, உப்பு மண்ணில் ஜி.ஐ. பைப்பும் அதில் கட்டிய வயரின் கிளாம்ப்பும் துருப்பிடித்து விட்டுப்போகும். முதலில் கிளாம்ப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். பைப்பே போயிருந்தால் இரண்டரை மீட்டர் புதுப் பைப் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்க வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுவிடுங்கள், வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாதுகாப்பு. அது இருக்கும் வீட்டில் மேலே சொன்ன பல்புச் சோதனையைச் செய்தால் டிரிப் ஆகும். எர்த்துக்குத் தொடர்பு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு அல்ல.

மைக் வைத்துப் பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். வேறு வேறு பாயின்ட் என்றால் உதடு மைக்கில் படும்போது அடிக்கலாம்.

இனி இரைச்சல். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள்; அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அந்தச் சுருதிக்கு ஒட்டி வந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஆம்பின் பவர் சப்ளையிலோ அடாப்டரிலோ கோளாறு, கடையில் காட்ட வேண்டியதுதான். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உறுமினால் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரின் பிக்கப் (கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள்) அக்கம்பக்கத்து மின்சாரத்தின் இரைச்சலை வாங்குகிறது. கிட்டாரோடு மெதுவாகச் சுழன்று பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் அடங்கும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் இது அதன் பிறவிக் குணம். ஆம்புக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காருங்கள், டியூப்லைட்டையும் ஃபேன் ரெகுலேட்டரையும் அணைத்துப் பாருங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டார் நன்றாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டுப்போயிருக்கிறது. சால்டரிங் வைக்கத் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது ஆம்ப் வாங்கி வருவதாகச் சொல்கிறார். அங்கே வாங்கியது நம் ஊர் கரண்டுக்கு ஒத்துவருமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: எந்த நாடு என்பதைப் பொறுத்தது. துபாய், சிங்கப்பூர், மலேசியா என்றால் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நேராக ஓடும். பின் மட்டும் சதுரமாக இருக்கும். அதற்காக டிராவல் அடாப்டர் வாங்க வேண்டாம். பலவற்றில் எர்த் தொடர்பே இருக்காது. ஆம்பின் பின்புறம் வயரைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பவர் கார்டுதான். இங்கே எந்தக் கடையிலும் மூன்று பின் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். கழற்ற முடியாத வயர் என்றால் பிளக்கை வெட்டி 6 ஆம்பியர் மூன்று பின் டாப் மாட்டச் சொல்லுங்கள்: பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை–மஞ்சள் எர்த்.

அமெரிக்கா, கனடா என்றால் 120 வோல்ட், ஜப்பான் என்றால் 100. இங்கே செருகிய கணமே ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போகும். ஸ்டெப்–டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் தனிப் பெட்டி) வைத்து ஓட்டலாம். ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். கஷ்டப்பட்டுத் தூக்கி வந்த பெட்டிக்கு இன்னொரு பெட்டி வேண்டும் என்றால் எங்களுக்கு அது லாபமாகத் தெரியவில்லை. தனி அடாப்டரில் ஓடும் சின்ன ஆம்ப் என்றால் கவலையில்லை. அடாப்டரில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறதா என்பதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்தபின் பணம் கொடுக்கட்டும்.

கேள்வி: கோயில் கொயரில் வாசிக்க பிக்கப் வைத்த அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருக்கிறேன். நண்பரின் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் போட்டால் நாதம் நசநசவென்று, பிளாஸ்டிக் மாதிரி வருகிறது. ஒரே பெட்டியில் மைக்கும் போட்டு வீட்டில் பழக வேண்டும்.
– வாசகர், பாம்பன்

பதில்: நண்பரின் பெட்டி கெட்டதல்ல, வேலை வேறு. எலக்ட்ரிக் கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஊமை. கரகரப்பை மெத்தென்று காட்ட வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அக்கூஸ்டிக்கின் கம்பி மினுமினுப்பில் பெரும்பகுதியும் பாடும் குரலின் தெளிவில் ஒரு பகுதியும் அதற்கு மேல் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ட்வீட்டர் (கீச்சுநாதத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) வைத்த அக்கூஸ்டிக் ஆம்ப், இரண்டு சேனலோடு. ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி, மார்ஷல் ஏஎஸ்50டி இரண்டிலும் மைக்குக்குத் தனி கேனன் (மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர்.) துளை உண்டு. இவை 50, 60 வாட் என்று வரும். மேலே வாட்டைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருட்படுத்த வேண்டாம். கரகரப்பில்லாத சுத்த நாதத்துக்கு இருப்பு சக்தி வேண்டும், விரலால் ஓங்கி அடிக்கும்போது தெறிக்காமல் இருக்க. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட்: 5 வாட், 6½ இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, மைக்குக்கும் இடம் உண்டு, பேட்டரியிலும் ஓடும்.

கோயிலில் ஆம்பையே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உங்கள் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி போடும் பிரீஆம்ப் (பிக்கப் சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன சர்க்யூட்) இருந்தால் மிக்ஸருக்கு நேராகப் போகலாம். 6 மீட்டர் வரை சாதாரண பி–38 (கால் இஞ்ச் பின்) கேபிள் போதும். அதற்கு மேல் டி.ஐ. பாக்ஸ் (நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாதபடி சிக்னலை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்து கேனன் கேபிளில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் இரைச்சலை வாங்கும். ஒன்றை மறக்காதீர்கள்: கிட்டாரில் கேபிள் செருகியிருக்கும் வரை பிரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தத் துளைதான் அதன் சுவிட்ச். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்காவிட்டால் அடுத்த ஞாயிறு திருப்பலி நடுவில் பேட்டரி படுத்துவிடலாம்.

"ஊம்ம்" என்று ஊளையிட்டால் கிட்டாரின் வயிறு ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்கிறது. பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம். முதலில் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்பதைவிட்டு விலகுங்கள், பாஸைக் குறையுங்கள், பிரீஆம்பில் ஃபேஸ் பட்டன் (ஒலியலையைத் தலைகீழாக்குவது, கரண்ட் ஃபேஸ் அல்ல) இருந்தால் அழுத்துங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வட்டத் துளையை மூடும் ரப்பர் மூடி.

கேள்வி: தனியாக ஆம்ப் வாங்காமல் ஹோம் தியேட்டரில் கிட்டாரைப் போடலாமா? தம்பியின் கீபோர்டைக் கிட்டார் ஆம்பில் போடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: முதலாவது, சத்தம் வரும், உயிர் இருக்காது. கிட்டார் பிக்கப் 10 லட்சம் ஓம் உள்ள துளையை எதிர்பார்க்கிறது. ஹோம் தியேட்டரின் துளை சில பத்தாயிரம் ஓம்தான், கீச்சுநாதத்தை விழுங்கிவிடும். இரண்டாவது, குறைந்த சத்தத்தில் ஆபத்தில்லை, மங்கலாகக் கேட்கும். இடது கைப் பக்கம் கனமாக அடித்து வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் காகிதம் கிழியும். பாஸ் கிட்டாருக்கும் இதுவே.

கேள்வி: கரண்டு போனால் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஆம்ப் கரகரக்கிறது. பேட்டரி ஆம்ப் வாங்கலாமா?
– வாசகர், இராமேஸ்வரம்

பதில்: உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். அது அலையாகக் கொடுக்காமல் படிக்கட்டாகக் கொடுக்கிறது. அந்தப் படிகளின் விளிம்புதான் கரகரப்பாகக் கேட்கிறது. ஆம்புக்குக் கெடுதல் சொற்பம், காதுக்குத்தான் தொல்லை. சைன் வேவ் இன்வெர்ட்டரில் வராது.

பேட்டரியில் ஓடுபவற்றில் ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் 3 வாட், 5 இஞ்ச். பாஸ் கட்டானா மினி 7 வாட், 4 இஞ்ச். இரண்டுக்கும் ஏஏ செல் ஆறு. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவு செல் ஜிங்க் கார்பன். அதில் சத்தமாக ஓட்டினால் வோல்டேஜ் சரிந்து சீக்கிரமே பொரிய ஆரம்பிக்கும். ஆல்கலைன் போடுங்கள், அல்லது ரீசார்ஜ் செல். அடாப்டர் தொலைந்துபோய் வெளியில் வாங்கினால் வோல்ட்டோடு முனையையும் பாருங்கள்: இவற்றுக்கு நடுமுனை மைனஸ். சந்தையில் கிடைப்பவற்றில் பல நடுமுனை பிளஸ். மாற்றிச் செருகினால் பெட்டி போகலாம்.

கேள்வி: புளூடூத் ஹெட்போனில் கேட்டு வாசிக்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: முடியாது. கம்பியைத் தட்டி 0.15 விநாடி கழித்துக் காதில் விழும். 50 மீட்டர் தள்ளி ஆம்பை வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். வயர் ஹெட்போன் வாங்குங்கள். ஆம்பில் புளூடூத் இருந்தால் அது போனிலிருந்து பாட்டுப் போட மட்டும்.

கேள்வி: ஆம்ப் வாங்கி இரண்டு வருடம். திருகுகளைத் திருப்பினால் "கர்ர் கர்ர்" என்கிறது, கேபிளை ஆட்டினால் சத்தம் வந்து வந்து போகிறது. வீடு கடலைப் பார்த்தபடி இருக்கிறது.
– வாசகர், தொண்டி

பதில்: உப்பு. பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது. திருகுக்குள் ஒரு கரித்தடமும் அதன்மேல் வழுக்கும் உலோக நாக்கும் இருக்கின்றன. நடுவில் உப்பு ஈரமும் தூசும் சேர்ந்தால் கரகரக்கும். துளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடு பச்சை பூத்தால் சத்தம் விட்டு விட்டு வரும்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே என்று கேளுங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். எண்ணெய்ப் பசையில் மணல் ஒட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகின் தலையை இழுத்தெடுத்து, தண்டின் ஓரமாக அரை விநாடி அடியுங்கள்; இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பது தடவை திருப்புங்கள். துளைக்குள் நேராக அடிக்காமல் கேபிள் பின்னில் அடித்துப் பத்துத் தடவை செருகி எடுங்கள், ஒவ்வொரு தடவையும் பின்னைத் துணியில் துடைத்து. கறுப்பு வருவது நின்றதும் நிறுத்தலாம். அரை மணி உலரவிட்ட பிறகே கரண்டு. அதற்குப் பின்னும் கேபிளை ஆட்டினால் விட்டுப்போனால், வேறு கேபிள் போட்டுப் பார்த்துவிட்டு, துளையின் சால்டரிங் விரிசலைச் சந்தேகியுங்கள்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பெட்டியை ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டியால் மூடினால் போதும். பாலிதீன் உறை வியர்த்து ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும், ஸ்பீக்கர் காகிதம் ஊறும். வாரம் இரண்டு தடவை அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே ஏறும் சூடே ஈரத்தை விரட்டும்.

பேட்டரியில் ஓடும் ஆம்ப் என்றால் வாசிக்காத நாட்களில் செல்களைக் கழற்றி வையுங்கள். ஏற்கெனவே ஒழுகியிருந்தால் எந்தச் செல் என்று பார்த்துத் துடைக்க வேண்டும்: ஆல்கலைன் ஒழுகல் காரம், பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைக்கலாம், ஜிங்க் கார்பன் ஒழுகல் அமிலம், அதற்குச் சமையல் சோடாக் கரைசல். எதுவானாலும் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு தடவை துடைத்து, ஸ்பிரிங் பளிச்சென்று ஆன பிறகே புதுச் செல்.